கூட்டில் கிடைத்த முடி

"கசைஜா, இந்த முடியை எங்கேருந்து எடுத்தே?"

சிம்பன்சி ஆய்வு முகாமின் டாக்டரம்மா அவனைச் செல்லப் பெயரில் கூப்பிடவில்லை. எங்கள் டோரோ ஜனங்களில் வெறும் பெயரைச் சொல்லி அழைத்தாலே கோபம் என்று அர்த்தம். நேற்றுவரை அவருக்கு அவன் அமோத்தி.

"சிம்பன்சி கூட்டுலேருந்துதாம்மா," என்றான் தரையைப் பார்த்தபடி.

பொய். பக்கத்தில் நின்ற எனக்கே தெரிந்தது.

மரம் ஏறி, சிம்பன்சிகள் படுத்தெழுந்த கூடுகளில் உதிர்ந்த முடியைப் பொறுக்குவது எங்கள் வேலை. எந்தக் குட்டி எந்த ஆணுக்குப் பிறந்தது என்று ஆய்வுக்கூடத்தில் அதை வைத்தே சொல்லிவிடுவார்கள். எங்கள் முடியோ வியர்வையோ அதில் கலந்துவிட்டால் தெரியவேண்டும் என்று, சேரும்போதே எங்கள் எச்சிலையும் வாங்கிக்கொண்டார்கள்.

"நமக்கும் சிம்பன்சிக்கும் மரபணுவுல வித்தியாசம் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்துல மாட்டிக்கிட்டே. இது மனுஷ முடி! மரம் ஏறச் சோம்பல்பட்டு உன் புள்ள தலையிலேருந்து புடுங்கிப் போட்டிருக்கே."

கசைஜா நிமிர்ந்தான்.

"என் புள்ளதானா? நல்லாப் பாத்தாங்களாம்மா?"

"உன் எச்சிலோட வச்சுப் பாத்தாச்சு. நீ பெத்த புள்ளயேதான். மழுப்பாம பூட்ஸைக் கழட்டி வச்சுட்டுக் கிளம்பு."

நான் கெஞ்ச வாயெடுத்தேன். அவனோ சிரித்துக்கொண்டே முகாம் பூட்ஸைக் கழற்றினான். பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று பயந்து வீடுவரை கூடவே போனேன்.

வழியில்தான் அவன் பையனுக்குப் பெயர் வைத்த நாள் நினைவுக்கு வந்தது. குழந்தை யார் சாயல் என்று பார்த்துத்தான் செல்லப் பெயர் வைப்போம். அன்றைக்குப் பையனின் அத்தைமார் மூக்கைப் பார்த்தார்கள், காதைப் பார்த்தார்கள். ஒருத்தியும் கசைஜா சாயல் என்று சொல்லவில்லை. கடைசியில் பெற்றவளே 'அபூலி' என்று வைத்தாள்.

வாசலில் பையன் சோளக்கட்டையை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தான்.

"அபூலி!" என்று கூப்பிட்டான் கசைஜா.

வாழைக்காய் சீவிக்கொண்டிருந்த அவன் பெண்டாட்டிதான் திடுக்கிட்டுத் திரும்பினாள். அவன் வெறுங்காலைச் சந்தேகமாகப் பார்த்தாள்.

பையன் திரும்பவில்லை. அப்பன் வாயிலிருந்து அந்தப் பெயரை அவன் கேட்டதே இல்லை.