கண்ணாடி பிடிக்கிறவர்

அந்த வீட்டில் நல்ல வெளிச்சம் வருவது சமையலறை ஜன்னலில் மட்டும்தான். அதனால் தாரிணி தினமும் அங்கே நின்றுதான் ஆபீசுக்கு மேக்கப் போடுவாள். அவள் கணவன் சிவநேசன் எதிரே கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். பவுண்டேஷன் தடவி, மை தீட்டி, லிப்ஸ்டிக் போடுவதற்குள் கீழே கேப் ஹாரன் அடித்துவிடும். கடைசியாகப் பொட்டை ஒட்டிக்கொண்டு, "நடுவுல இருக்கா?" என்பாள். அவன் ஒற்றை விரலால் அதை நகர்த்திவிடுவான். வேலை போன பிறகு அவன் முகம் மலர்வது அந்த ஒரு நேரத்தில்தான்.

நேற்று அவள் அக்கா வந்திருந்தாள். "உன் வீட்டுக்காரர் இப்ப என்னடி பண்றார்?" என்று கேட்டபோது, "எனக்குக் கண்ணாடி பிடிக்கிறார்" என்று தாரிணி சொல்லிவிட்டாள். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். அவளுக்குக் காபியை நீட்டிக்கொண்டே அவனும் சிரித்தான்.

இன்று ஜன்னல் கம்பியில் கண்ணாடியைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தது, அவள் முகத்துக்குச் சரியான உயரத்தில். அவன் அடுப்புப் பக்கம் திரும்பி, அவளுக்கு டிபன் பாக்ஸில் சாதம் வைத்துக்கொண்டிருந்தான். பொட்டை வேண்டுமென்றே தள்ளி ஒட்டிக்கொண்டு அவன் பக்கத்தில் போய் நின்றாள்.

"ஏங்க, நடுவுல இருக்கா?"

"அதான் கண்ணாடி இருக்கே, பாத்துக்கோ."

குரலில் கோபமே இல்லை. ஆனால் அவன் நிமிரவில்லை.

கேப்பில் ஏறியதும் தோழி ஹேமா, "பொட்டு கோணலா இருக்குடி, இரு" என்று விரலை நீட்டினாள். தாரிணி சட்டென்று உள்ளங்கையால் நெற்றியை மூடிக்கொண்டாள்.