பன்னிரண்டாவது லீவு லெட்டர்

மவுஸைக் கோணல்மாணலாக நகர்த்திக்கொண்டிருந்தேன். அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் எட்டுப் பேர் வேலை செய்தார்கள். இந்தப் பக்கம் நான் வேலை செய்யாமல் இருந்தேன். நியமன உத்தரவில் இதையே கொஞ்சம் கௌரவமாக எழுதியிருந்தார்கள்.

என் கம்ப்யூட்டருக்குள் ஒரு ஃபைல் தூங்கிக்கொண்டிருந்தது. 'ஸ்கேன் ரிப்போர்ட்' என்ற பெயரில் ஒரு மருத்துவமனைக்கு மெயிலில் வந்தது; வைரஸா என்று பார்த்துச் சொல்ல எங்கள் ஆபீஸுக்கு அனுப்பியிருந்தார்கள். பார்த்தால் பரம சாது.

எங்கள் பாஸ் மேடத்துக்கு மட்டும் சந்தேகம். இந்த வகை ஃபைல்கள் யாராவது கவனிக்கிறார்கள் என்று தெரிந்தால் வாலைச் சுருட்டிக்கொண்டு படுத்துவிடும். நல்ல பிள்ளை என்று நம்பி உள்ளே விட்டபிறகு, சாவகாசமாக எழுந்து, இருக்கிற எல்லாவற்றையும் பூட்டிவிடும்.

முதலில் கடிகாரத்தை வைத்து ஏமாற்றிப் பார்த்தார்கள். கம்ப்யூட்டரின் நேரத்தை ஒரு மாதம் தள்ளி வைத்தார்கள். ஃபைல் இன்னொரு கடிகாரத்தையும் பார்த்துச் சரிபார்த்துவிட்டுப் புரண்டு படுத்தது.

அடுத்து, ஆள் இருப்பதாகக் காட்ட மவுஸைத் தானாக நகர வைத்தார்கள். அது நேர்க்கோட்டில் நகர்ந்தது. எந்த மனிதன் நேர்க்கோட்டில் நகர்கிறான்? ஃபைல் கண்ணே திறக்கவில்லை.

அதனால் மனிதனையே வேலைக்கு எடுத்தார்கள். "காலேஜ்ல கடைசி பெஞ்சா?" என்று இன்டர்வியூவில் மேடம் கேட்டார். ஆமாம் என்றேன். வேறு கேள்வி இல்லை.

மூன்று வாரமாகச் சாதாரண அலுவலக ஆளாக நடித்துக்கொண்டிருக்கிறேன். சீட்டு ஆடினேன். பாஸ்வேர்டை மூன்று முறை தப்பாக அடித்தேன். யாரோ ஒருவரின் கல்யாண போட்டோக்களைத் திறந்து, யாரோ ஒரு சித்தப்பாவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நிஜ அலுவலகம் மாதிரி இருக்கட்டும் என்று ஒரு பிரிண்டரும் கொடுத்திருந்தார்கள். அதனால் லீவு லெட்டர்கள் எழுதினேன். மொத்தம் பதினொன்று. பதினொன்றிலும் காய்ச்சல்.

ஃபைல் ஒன்றைக்கூட நம்பவில்லை.

"தம்பி, அது தூங்குதா, இல்ல நீ தூங்குறதப் பாத்துட்டு இருக்கா?" என்று மத்தியானம் சீனியர் கேட்டுவிட்டுப் போனார். எட்டுப் பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், நன்றாகத்தான் இருந்தது.

இன்று கடைசி நாள். ஐந்து மணிக்குள் அது விழிக்காவிட்டால், ஃபைல் நிரபராதி என்று எழுதி மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவார்கள். நான் தண்டம் என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

நாலு மணிக்கு அக்கா போன் செய்தாள். தம்பி கம்ப்யூட்டரில் திருடன் பிடிக்கிறான் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருப்பவள்.

"என்னடா பண்ற?"

"சும்மா உக்காந்திருக்கேன்க்கா."

"அதத்தான் வீட்லயே நல்லா பண்ணிட்டு இருந்தியே. எதுக்கு பஸ் ஏறிப் போய்ப் பண்ற? லீவு போட்டுட்டு வா. மாமாவும் சும்மாதான் இருக்காரு, பேச்சுத் துணைக்கு ஆச்சு."

போனை வைத்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேடம் ஒரு கொட்டாவியை மரியாதையாக விழுங்கினார். நான் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றிக் கீபோர்டுக்கு அடியில் செருகிவிட்டு, பன்னிரண்டாவது லெட்டரைத் தொடங்கினேன்.

இதில் காய்ச்சல் இல்லை.

'மதிப்பிற்குரிய மேடம்' என்று அடித்தேன். அழித்தேன். 'அன்புள்ள மேடம்' என்று அடித்தேன். அது ஒரு மாதிரியாக இருந்தது. அழித்தேன். கொஞ்ச நேரம் ஃபேனைப் பார்த்தேன். மறுபடி 'மதிப்பிற்குரிய'. அப்புறம் ஒரு வரி. அதில் பாதியை வெட்டினேன். வெட்டியதை நினைத்து வருத்தப்பட்டுத் திரும்ப ஒட்டினேன். நாலே வரி, நாற்பது நிமிடம். உள்ளே ஒரு ஃபைல் படுத்திருப்பதே மறந்துபோனது.

நாலே முக்காலுக்கு லெட்டரைச் சேமித்துவிட்டு, பிரிண்ட் கொடுக்கப் போனேன்.

திரை இருண்டது.

லெட்டர் இருந்த இடத்தில் கோழி கிளறியது போல ஏதோ கிடந்தது. சீட்டு ஆட்டம் போனது. சித்தப்பா போனார். திரையின் நடுவில், ஆற அமர, பெரிய பூட்டு ஒன்று வந்து உட்கார்ந்தது.

அந்தப் பக்கம் எட்டு நாற்காலிகள் ஒரே நேரத்தில் பின்னால் உருண்டன. சீனியர் மருத்துவமனைக்கு போன் போட்டு, அதைத் திறக்கவே திறக்காதீர்கள் என்று இரண்டு முறை சொன்னார். மேடம் கதவைத் திறந்துகொண்டு என்னிடம் வந்தார்.

"எப்படிப்பா எழுப்பின?"

"எழுப்பல மேடம். மறந்துட்டேன்."

அதை அவர் நோட்டில் குறித்துக்கொண்டார்.

திங்கட்கிழமையிலிருந்து வேலை நிரந்தரம் என்றார். இதே மாதிரி இன்னும் ஆறு ஃபைல்கள் தூங்குகின்றனவாம். என்னை விட்டால் ஆள் கிடையாது என்று அவர் சொன்னபோது, கடைசி பெஞ்சில் கழித்த நாலு வருடமும் கண்முன் வந்து போயின. ஒன்றும் வீண்போகவில்லை.

மேடம் குனிந்து திரையைப் பார்த்தார்.

"பாவம், ரொம்ப நேரமா என்னவோ அடிச்சிட்டு இருந்தியே. லீவு லெட்டரா?"

"அந்த மாதிரிதான் மேடம்."

"கவலப்படாத. மூணு நாள்ல பூட்ட உடைச்சிடுவோம். ஒரு எழுத்து குறையாம மீட்டுக் குடுத்துடறேன்."

அவசரமே இல்லை என்றேன்.

அவர் போனதும் கீபோர்டைத் தூக்கி, அடையாள அட்டையை எடுத்து, தூசியை ஊதிவிட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன்.

அந்த லெட்டரில், திரும்பி வரும் தேதி என்று எதையும் நான் எழுதியிருக்கவில்லை.