ஐஸ் பெட்டி

"மேடம் ஏசி ரிமோட்டைக் கைப்பைக்குள்ள போட்டு ஜிப்பை வேற இழுத்து மூடிட்டாங்கக்கா! அவங்க அப்பா வீட்டுச் சொத்தா அது?"

பில்லிங் பெண் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டே பொரிந்தாள். கூட்ட அறையிலிருந்து வெளியே வந்த எல்லோருக்கும் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது.

"ஐஸ் பெட்டிகிட்ட போய் வெயில் கேட்டா கிடைக்குமாடி?" என்றாள் மேப் அக்கா.

பிரிவே சிரித்தது. அந்தப் பார்சல் கம்பெனியில் எந்த லாரி எந்த முக்கில் திரும்பவேண்டும் என்பது அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். அதனால் அவள் மேப் அக்கா. பிரிவுத் தலைவிக்கு 'ஐஸ் பெட்டி' என்று பெயர் வைத்த புண்ணியவதியும் அவள்தான்.

"போன வருஷம் வரைக்கும் மனுஷி நல்லாத்தான் இருந்தாங்க. ரிட்டையர் ஆகுற நேரத்துல மனசு இப்படி உறைஞ்சு போச்சே!" என்றாள் பில்லிங் பெண்.

மேப் அக்கா இன்னும் பலமாகச் சிரித்தாள். ஆனால் அவள் பல் மட்டும் தந்தியடிக்கவில்லை. அந்தக் கட்டடத்திலேயே அவளால் நிம்மதியாக மூச்சுவிட முடிகிற ஒரே இடம் அந்தக் கூட்ட அறைதான். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

எப்படிச் சொல்வது? ஐம்பதை நெருங்குகிற வயது. மாதவிலக்கு தட்டுத்தடுமாற ஆரம்பித்ததிலிருந்து, சொல்லாமல் கொள்ளாமல் நெஞ்சிலிருந்து ஓர் அனல் கிளம்பும். கழுத்து, காது, நெற்றி என்று ஏறும். கண்மூடித் திறப்பதற்குள் முகம் தொப்பலாகிவிடும். பார்க்கிறவர்கள், "பாவம், பயந்துட்டாங்க" என்பார்கள்.

போன வருஷம் அதுதான் நடந்தது. பதவி உயர்வுக்காக இயக்குநர்கள் முன்னால் பேச நின்றவள், பாதியில் அனல் ஏறியதும் கையிலிருந்த காகிதத்தாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே ஓடிவிட்டாள். "வீட்டுப் பொறுப்பு ஜாஸ்தி சார், எனக்கு வேண்டாம்" என்று மறுநாள் சொன்னாள். ஒருத்தர்கூட ஏன் என்று கேட்கவில்லை.

கேட்டது கணவர்தான். "சமையல்ல பாதி நான், துணி மொத்தமும் பொண்ணு. பழி மட்டும் எங்க தலையிலயா?"

இந்த வருஷம் தலைவியின் நாற்காலியே காலியாகிறது. மறுபடியும் அவளைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். இதையும் விட்டால் இனி அவள் பக்கம் எந்த நாற்காலியும் திரும்பிப் பார்க்காது.

பேசவேண்டிய நாளன்று காலையில் கிளம்பும்போது மகள் வாசல்வரை வந்தாள். "அம்மா, இந்தத் தடவையாவது எங்களைச் சாக்கு சொல்லாம வா."

கூட்ட அறை அன்றைக்கு வழக்கத்தைவிடக் குளிர்ந்து கிடந்தது. பெரிய இயக்குநர் கோட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டே, "ஏம்மா, எங்களை உறைய வெச்சுட்டுத்தான் ரிட்டையர் ஆவீங்களா? கொஞ்சம் குறைங்க" என்றார்.

"ரிமோட் வேலை செய்யல சார்" என்றார் தலைவி, மடியில் இருந்த கைப்பையை இறுகப் பிடித்தபடி.

மேப் அக்கா பேச ஆரம்பித்தாள். சரக்கை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் லாரிகளை எந்த ஊரில் நிறுத்தி, யாருடைய சரக்கை ஏற்றிக்கொண்டு வரலாம் என்று விரலால் காற்றிலேயே கோடு போட்டாள்.

பாதியில் அனல் கிளம்பியது. கழுத்துக்கு வந்தது. கால் கதவுப் பக்கம் திரும்பப் பார்த்தது. பின்கழுத்தில் குளிர்காற்று ஈரத்துணி போட்டதுபோல் வந்து விழுந்தது. ஏறிய அனல் காதுக்குக் கீழேயே நின்று, மெல்ல இறங்கிவிட்டது.

அவள் ஓடவில்லை. கடைசி லாரிவரை பேசி முடித்தாள். அந்த மேஜையிலேயே அவள் கையைக் குலுக்கிப் பதவியைக் கொடுத்துவிட்டார்கள்.

வெளியே வந்து நிற்கும்போது, வருஷக்கணக்காக இடுப்பில் தூக்கிச் சுமந்த பிள்ளையை இறக்கிவிட்ட மாதிரி இருந்தது.

மரியாதைக்கு ஒரு நன்றி சொல்லலாம் என்று தலைவியின் அறைக் கதவைத் திறந்தாள். உள்ளே ஏசி இல்லை. மின்விசிறியும் ஓடவில்லை. சால்வையைத் தலையோடு போர்த்தி, காலில் கம்பளி உறை மாட்டி, வெந்நீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தலைவி தும்மிக்கொண்டிருந்தார்.

"மேடம், காய்ச்சலா?"

"அதெல்லாம் இல்லம்மா. எனக்குக் குளிரே ஆகாது. ஃபேன் போட்டாலே முட்டி பிடிச்சுக்கும்."

"அப்புறம் ஏன் கூட்ட அறையில..."

"போன வருஷம் நீ முகத்தைத் துடைச்சுக்கிட்டு ஓடினியே, அது பயம்னு மத்தவங்க நினைச்சாங்க. எனக்குத் தெரியாதா? உன் வயசுல நானும் ஓடினவதான். வீட்டுல வேலைன்னேன். உடனே நம்பிட்டாங்க. பொம்பளைங்க வீட்டு வேலைன்னு சொன்னா மட்டும் யாரும் குறுக்குக் கேள்வி கேக்கறதில்ல. மறுபடி இந்த நாற்காலி எனக்கு வர்றதுக்குள்ள தலை மொத்தமும் நரைச்சுப் போச்சு."

மேப் அக்காவின் முகம் சுட்டது. இந்த முறை அது அந்த அனல் இல்லை.

"எங்ககிட்ட காரணத்தைச் சொல்லியிருக்கலாமே மேடம். எல்லாரும் உங்களை எப்படியெல்லாம்..."

"சொல்லியிருந்தா எல்லாரும் உன் முகத்தைப் பாத்திருப்பாங்க. இப்ப என்னைத்தானே பாத்தாங்க?"

தலைவி கைப்பையைத் திறந்து, ரிமோட்டை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"இனிமே இது உன் பையில இருக்கட்டும். உனக்கு வேண்டாத காலம் வந்தாலும் வெளிய எடுத்து வெச்சுடாத, வேற யாருக்காவது வேண்டியிருக்கும். அப்புறம்..." இன்னொரு தும்மல் போட்டுவிட்டுச் சிரித்தார். "அந்த 'ஐஸ் பெட்டி'ங்கிற பேரையும் உனக்கே விட்டுட்டுப் போறேன். நீ வெச்சதுதானே, நல்லாத்தான்மா இருக்கு."