முகமூடிக்குள் தண்ணீர்

“மீசை மேல முகமூடி ஒட்டாது சார். தண்ணி உள்ள வந்துக்கிட்டே இருக்கும். எடுத்துடுங்க,” என்றார் முங்குநீச்சல் பயிற்சியாளர்.

“கல்யாணத்துக்கே எடுக்காத மீசை. சுறாவுக்காக எடுப்பேனா? நான் படகுலயே இருக்கேன்,” என்றார் மாமனார். கொத்தவரங்காய் போன்ற அந்த உடம்பில் கனமான பொருள் மீசை ஒன்றுதான். நீச்சல்குளப் பயிற்சியில் மகள், மருமகன், அவர் என மூவரிலும் முதலில் தேறியவர் அவர்.

மருமகனுக்கு நிம்மதி. நடுக்கடலில் தனியாக எழும்பி நின்ற அந்தப் பவளப்பாறைக்குச் சுறா பார்க்க அவன் வந்ததே மனைவியைச் சமாதானப்படுத்தத்தான். கார் ஓட்டும் தேர்வில் அவள் தோற்றதை விருந்தாளிகள் நடுவே நடித்துக் காட்டிக் கைதட்டல் வாங்கியிருந்தான். அன்று மூடிய அவள் வாய், அவனிடம் திறக்கவேயில்லை. கரை திரும்பியதும் அப்பாவோடு பிறந்த வீட்டுக்குப் போகிறாள் என்ற சேதிகூட மாமனார் வழியாகத்தான் வந்தது.

“புருஷன் பொண்டாட்டி ஒரு ஜோடி. கீழ ஒருத்தரை விட்டு ஒருத்தர் போகக் கூடாது,” என்று சொல்லிவிட்டுப் பயிற்சியாளர் குதித்தார்.

“வர்றியா?” என்றான் அவன். அவள் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவனும் குதித்தான்.

கீழே கயிற்றைப் பிடித்தபடி காத்திருந்தான். தாமதமாக, தலையையும் சேர்த்து மூடிய கறுப்பு உடுப்பு ஒன்று, முகமூடியும் மூச்சுக்குழாயும் முகத்தை மறைக்க, இறங்கி வந்தது. வந்துவிட்டாள், பாதிக் கோபம் போயிருக்கும் என்று கணக்குப் போட்டான்.

பாறையைச் சுற்றித் திரும்பினால் சுறாக்கள். ஒன்றிரண்டல்ல, சந்தைக் கூட்டம். கரப்பான் பூச்சிக்கே கட்டிலில் ஏறி நிற்கும் வீரன் அவன். தெரிந்த தெய்வங்களை எல்லாம் ஒரே மூச்சில் கூப்பிட்டுவிட்டு, பக்கத்திலிருந்த கையைப் பிடித்தான்.

கை உதறவில்லை. இறுக்கிப் பிடித்து, புறங்கையைத் தட்டிக் கொடுத்தது. பெரிய சுறா ஒன்று, வாடகை தராத குடித்தனக்காரர்களை வீட்டுக்காரர் பார்ப்பதுபோல் இருவரையும் பார்த்துவிட்டு நகர்ந்தது.

அவன் திரும்பினான். அந்த முகமூடிக்குள் கண்ணை மறைக்கும் அளவுக்குத் தண்ணீர். அண்ணாந்து மூக்கால் ஊதி வெளியேற்றினாலும் மறுபடியும் நிரம்பியது.

இவ்வளவு அழுகையா? அவன் நெஞ்சு கரைந்தது. வாய் திறக்க முடியாத இடம். சாக்குச் சொல்லவும் வழியில்லை. இரண்டு கைகளையும் கூப்பினான். போதாதென்று தோன்ற, குனிந்து காலில் மாட்டியிருந்த துடுப்பைத் தொட்டான். தலைமேல் ஒரு கை மெல்லப் படிந்தது.

மேலே வந்து படகின் ஏணியைப் பிடித்ததும், மூச்சு வாங்கக்கூடப் பொறுக்கவில்லை. “இனிமே நாலு பேர் முன்னால உன்னைக் கேலி பண்ண மாட்டேன்டி. சத்தியமா.”

பக்கத்தில் முகமூடி கழன்றது.

“என் மக இறங்க மாட்டேன்னுட்டா. உங்களைத் தனியா விட மனசு வரலை. நான் மன்னிச்சுட்டேன் மாப்பிள்ளை, மேல ஏறி அவகிட்டயும் கேளுங்க.”