பெரிய ஆக்கள் கதவு திறக்கிறேல்லை

சங்க அலுவலகக் கணினித் திரையின் உச்சியில் "தலைவர்" என்ற பெயர். பக்கத்தில் மாலையும் கழுத்துமாகத் தியாகலிங்கத்தின் படம். அதற்குக் கீழே, படம்கூட இல்லாமல், "ஜெயந்தினி".

"தம்பி, இந்தக் கந்தோரிலை எனக்கு மேலை ஒருத்தரும் இல்லை. மெஷினிலையும் அப்பிடித்தான் போடச் சொன்னனான்," என்றார் மீனவர் சங்கத் தலைவர் தியாகலிங்கம். "எதைத் தொட்டாலும் ஒரு பெட்டி வந்து பாஸ்வேர்ட் கேக்கும். உடனை பிள்ளை ஓடிவந்து அடிச்சு விடும். 'பெரிய ஆக்கள் தாங்களே கதவு திறக்கிறேல்லை ஐயா' எண்டு சொல்லும். மரியாதை தெரிஞ்ச பிள்ளை. கவனம்தான் இல்லை."

பிள்ளை என்று அவர் சொன்ன ஜெயந்தினி மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சங்கத்தின் எழுத்தராக அவளுக்கு இது எட்டாவது வருடம்.

கணினியைத் திருத்த யாழ்ப்பாணத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் பருத்தித்துறைக்கு வந்திருந்த நிருஷன் தலைவரின் கணக்கைத் திறந்தான். திரை சிவப்பாகியது. கோப்புகளை எல்லாம் பூட்டிவிட்டதாக ஒரு வைரஸ் மிரட்டியது.

 முழு அதிகாரம் உள்ள கணக்குக்குள் இது புகுந்தால் ஒன்றையும் மிச்சம் வைக்காது. புயலில் வள்ளம் இழந்த நானூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களின் பட்டியல் இதற்குள்தான் இருந்தது. வேறு பிரதி இல்லை. நாளை காலை மாவட்டச் செயலகமான கச்சேரியில் கொடுக்க வேண்டும்.

"பட்டியல் போயிருந்தால், நாளையிலை இருந்து இவ இஞ்சை வரத் தேவையில்லை. இவதான் கண்டதையும் திறந்திருப்பா," என்றார் தியாகலிங்கம்.

நிருஷன் தலைவரின் மின்னஞ்சல்களைத் தேடினான். காலை ஒன்பது மணிக்கு ஒன்று வந்திருந்தது. "சிறந்த தலைவர் விருது. உடனே திறக்கவும்."

"ஐயா, இதை நீங்களோ திறந்தனீங்கள்?"

"விருதெண்டு வந்தால் பாக்காமல் விடுறதே?"

நிருஷன் ஜெயந்தினியின் கணக்குக்குள் போனான். பட்டியல் இருந்தது. நானூற்றுப் பன்னிரண்டு பெயர்களும் அப்படியே இருந்தன. சங்கத்தின் மற்றக் கோப்புகளிலும் கீறல் இல்லை. தலைவரின் பொன்னாடைப் படங்கள் மட்டும் பூட்டப்பட்டிருந்தன.

அவனுக்கு விளங்கவில்லை. உச்சியில் விழுந்த இடி கீழே இறங்காமல் எப்படி நின்றது?

"பாத்தீரே!" தியாகலிங்கம் மேசையில் தட்டினார். "என்ரை கணக்கெண்டபடியால்தான் தாங்கிச்சுது. இவவின்ரையிலை விழுந்திருந்தால் எல்லாம் துலைஞ்சிருக்கும். இனி உந்த விளையாட்டு வேண்டாம். என்ரை கணக்கிலை இருந்துகொண்டு, இவவின்ரை அதிகாரத்தை முழுக்கப் புடுங்கிவிடும்."

"இப்பவோ ஐயா?"

"என்ரை கண்ணுக்கு முன்னாலை."

நிருஷன் மறுபடி தலைவரின் கணக்குக்குப் போய் அதற்குரிய இடத்தை அழுத்தினான். பெட்டி வந்தது. இதைச் செய்யத் தலைவருக்கு அனுமதி இல்லை, நிர்வாகியின் கடவுச்சொல் வேண்டும் என்றது. நிர்வாகி என்ற இடத்தில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது: படம்கூட இல்லாத அந்தப் பெயர்.

நிருஷன் நிமிர்ந்து ஜெயந்தினியைப் பார்த்தான். அவள் யன்னலுக்கு வெளியே கடலைப் பார்த்தாள்.

தியாகலிங்கத்துக்கு அந்தப் பெட்டி பழகிப்போனது. அவர் அதை வாசிக்கவில்லை. கதிரையில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"பிள்ளை, ஒருக்கா வந்து கதவைத் திறந்துவிடு."