ஓடிய செல்கள்

"உன் மருந்து தோத்துப்போச்சு சுவேதா," என்றார் பேராசிரியர் புருஷோத்தமன்.

சுவேதாவுக்குக் கண் கலங்கியது. புற்றுநோய் செல்களைப் பரவவிடாமல் கட்டிப்போடும் மருந்து என்று நம்பித்தான் இரண்டு வருஷமாக உழைத்திருந்தாள். கண்ணாடித் தட்டில் அந்த மருந்தை விட்டு வைத்திருந்த செல்களை மைக்ராஸ்கோப் விடாமல் படமெடுத்திருந்தது. அந்தப் படங்களைக் கோத்துப் பார்த்த கம்ப்யூட்டரோ, ஒவ்வொரு செல்லும் ஓடிய பாதையை நீளநீளக் கோடாகப் போட்டுக் காட்டியது.

"கருவடிக்குப்பம் பஸ் போயிடப் போவுது, கிளம்பும்மா. நாளைக்கு வேற மருந்து பார்க்கலாம்."

பையை எடுத்தவள் திரையைக் கடைசியாக ஒரு தடவை பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

"சார், எல்லாக் கோடும் ஒரே பக்கமா போவுது பாருங்க. ஒரே மாதிரி வளையுது. இத்தனை செல்லும் பேசி வச்சிக்கிட்டா ஓடும்?"

"அப்படின்னா?"

"செல்லு ஓடல சார். தட்டுதான் நகர்ந்திருக்கு!"

தட்டு நகர்ந்த அளவைக் கழித்துக் காட்டும்படி கம்ப்யூட்டரைத் தட்டினாள். நீளக் கோடுகளெல்லாம் சுருங்கிச் சுருங்கி வெறும் புள்ளிகளாயின. ஒரு செல்கூட இடத்தைவிட்டு அசையவில்லை.

"தட்டை ஒழுங்கா மாட்டாத கழுதை யாரு?" என்று சிரிப்பை அடக்க முடியாமல் கத்தினார் புருஷோத்தமன்.

"நான்தான் சார்! நானேதான்!" என்று கைதட்டிக் குதித்தாள் சுவேதா.