அம்மா வீட்டுத் தலைவலி

"எங்க வீட்டுத் தலைவலி ரொம்ப மரியாதை தெரிஞ்சதுக்கா. என் பொண்டாட்டி அவ அம்மா வீட்டு வாசப்படியை மிதிச்சதுமே, வந்த வேலை முடிஞ்சதுன்னு தானா கிளம்பிடும்."

ஏணியின் மூன்றாம் படியில் நின்று அலாரம் மாட்டச் சுவரில் துளை போட்டுக்கொண்டே சொன்னான் அலாரக்காரன். கீழே மெஷினில் ஒரு சட்டைக்குக் கை வைத்துக்கொண்டிருந்த தையல்கார அக்கா, வாயில் குண்டூசி இருந்ததால் மூக்காலேயே சிரித்தாள்.

யாராவது சிரித்துவிட்டால் அவனுக்கு இன்னும் நாலு கதை வரும். இன்று காலையும் அதே பாட்டுதானாம். முதலில் மேல்தட்டிலிருந்து சர்க்கரை டப்பாவை எடுத்துத் தரச் சொன்னாளாம். அவள் ஏறி எடுக்கும் முக்காலி கால் உடைந்து மூன்று வாரமாகிறது, ஊரான் வீட்டுச் சுவரெல்லாம் துளைக்கிறவனுக்குத் தன் வீட்டில் ஒரு ஆணி அடிக்க நேரமில்லை. டப்பாவை எடுத்துக் கொடுத்ததும் நெற்றியைப் பிடித்துக்கொண்டு, தலை வலிக்குது, அம்மா வீட்டுக்குப் போகட்டுமா என்றாளாம்.

"சமையல்கட்டுச் சர்க்கரை டப்பா எட்டாது. ரெண்டு பஸ் மாறிப் போற அம்மா வீடு மட்டும் எட்டும்."

"பாவம் தம்பி, அனுப்பித்தான் வையேன்," என்றாள் அக்கா, குண்டூசியை வாயிலிருந்து எடுத்துவிட்டு.

அனுப்பவில்லை. தலைக்கு நல்லா வெந்நீர் ஊத்திக் குளி, எல்லாம் சரியாப் போகும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டானாம்.

போன வாரம்தான் உச்சக்கட்டம். வாசலில் அவன் வண்டியை உதைத்துக்கொண்டிருந்தபோது, குளியலறைக்கு வெளியே மாட்டியிருந்த விஷவாயு அலாரம் உள்ளே கத்தியது. நாலு கூவல், ஒரு இடைவெளி, மறுபடி நாலு. ஓடிப் போனால் ஈரத்தலையும் நெற்றியில் கையுமாக இவள் நிற்கிறாள்.

சோதனைப் பட்டனை அமுக்கினாலும் அதே நாலு கூவல்தான் வரும். நாடகத்துக்குப் பின்னணி இசை வேறயா, அதுவும் அலாரக்காரன்கிட்டயேவா என்று நினைத்தான். ஒரு வார்த்தை பேசாமல், எக்கி, பேட்டரியைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டான்.

அந்தப் பேட்டரியைத்தான் இப்போது பையிலிருந்து எடுத்து அக்காவின் புது அலாரத்தில் போட்டான். பட்டனை அமுக்கினான். நாலு கூவல். பச்சை விளக்கு கண் சிமிட்டியது.

அக்கா அண்ணாந்து பார்த்தாள். கூரையில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே, இது எதற்கு என்று கேட்டாள். நூறு வீட்டில் சொன்ன பாடத்தை அவன் மூச்சுவிடாமல் ஒப்பித்தான். அது புகைக்கு, இது கார்பன் மோனாக்சைடுக்கு. கேஸ் கீசரோ அடுப்போ காற்று பத்தாமல் எரிந்தால் வருகிற விஷம், நிறம் கிடையாது, வாசனை கிடையாது.

"வாசனையே இல்லேன்னா, அலாரம் இல்லாத வீட்டுல எப்படித் தம்பி தெரியும்?"

"வீட்டுக்குள்ள இருந்தா தலை வலிக்கும்க்கா, கிறுகிறுன்னு வரும். வெளிய போயிட்டா தானா..."

முடிக்காமலேயே ஏணியிலிருந்து இறங்கினான்.

அக்கா மெஷினை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள்.

வீட்டில் இருப்பது கேஸ் கீசர். கொசு வருகிறதென்று குளியலறை வெண்டிலேட்டரில் அட்டை வைத்து அடைத்தது அவன். பேட்டரியைப் பிடுங்கியது அவன். காலையில் வெந்நீர் ஊற்றிக் குளிக்கச் சொன்னதும் அவன்தான்.

போனை எடுத்தான். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. இரண்டாவது முறையும் யாரும் எடுக்கவில்லை. அவன் வீட்டுப் பேட்டரி அக்கா வீட்டுச் சுவரில் பச்சையாகச் சிமிட்டிக்கொண்டிருந்தது.

மூன்றாவது முறை எடுத்தாள்.

"நீ எங்க இருக்க? குளிச்சியா?"

"திட்டாதீங்க. நீங்க போனதுமே குளிக்காமக்கூட அம்மா வீட்டுக்குக் கிளம்பி வந்துட்டேன்."

ஏணியின் கீழ்ப்படியில் சரிந்து உட்கார்ந்தான். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அவள் சொல் பேச்சுக் கேட்காததற்குச் சாமியைக் கும்பிட்டான். கீசரையும் அட்டையையும் பேட்டரியையும் பற்றி அழுதுகொண்டே உளறிக் கொட்டினான்.

"உன் தலைவலி நிஜம்தாம்மா. நான்தான் வீடு வீடாச் சொல்லிச் சிரிச்சிட்டுத் திரிஞ்சேன். இப்பகூட ஒரு வீட்டுல சொல்லிட்டுத்தான் நிக்கறேன்."

தையல்கார அக்கா தலையைக் குனிந்து இல்லாத நூலை அறுத்தாள். சிரித்தவளுக்கும் அதில் பங்கு உண்டே.

மறுமுனையில் அவள் குரல் இறங்கி வந்தது.

"நீங்க இப்படி அழறப்ப மறைக்க மனசு வரலைங்க. தலைவலி பொய்தான். அம்மாவைப் பாக்கணும்னு நேராக் கேட்டா எங்க அனுப்பறீங்க?"

அவனுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஆனாலும் போன உயிர் திரும்பி வந்தது. தலைவலி பொய்யென்றால் விஷவாயுவும் இல்லை, வெண்டிலேட்டர் அட்டை மேல் பழியும் இல்லை.

"போகட்டும் விடு. இனிமே நேராவே கேளு, நானே பஸ் ஏத்தி விடறேன். ஆனா போன வாரம் மாதிரி பட்டனை மட்டும் அமுக்காத."

"எந்தப் பட்டனை?"

"அலாரத்துல இருக்கே, அதை."

"முக்காலிதான் உடைஞ்சு கிடக்கே, அவ்வளவு உசரத்துல இருக்கிறது எனக்கு எப்படிங்க எட்டும்?"